சிரிப்பு வராத ஊரில் ஒரு காதல்: ‘ரிஸ்ட்கட்டர்ஸ்’ பட விமர்சனம்

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இது தற்கொலை செய்துகொண்டவர்களைப் பற்றிய படம். திரையில் வருகிற கிட்டத்தட்ட எல்லோரும் அப்படி இறந்தவர்கள்தான். மனசு சரியில்லாமல் இருப்பவர்களும், வீட்டில் யாரையாவது சமீபத்தில் அப்படி இழந்தவர்களும் இப்போதைக்கு இதைத் தள்ளி வையுங்கள், படம் எங்கேயும் ஓடிப்போகாது. முதலில் நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள், மருத்துவரைப் பாருங்கள். இதை நான் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை. ஏன் சொல்கிறேன் என்பது கீழே வரும்.

சரி, படத்துக்கு வருகிறேன். முழுப் பெயர் ‘ரிஸ்ட்கட்டர்ஸ்: எ லவ் ஸ்டோரி’, ‘மணிக்கட்டை அறுத்துக்கொண்டவர்கள்: ஒரு காதல் கதை’ என்று அர்த்தம். குரோஷியாவில் பிறந்த கோரன் டுகிச் எழுதி இயக்கியது. 2006 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் முதன்முதலாகக் காட்டினார்கள், அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்து சேர 2007 அக்டோபர் ஆகிவிட்டது. இஸ்ரேலிய எழுத்தாளர் எட்கர் கேரெட் 1998இல் எழுதிய ஒரு குறுநாவல்தான் மூலக்கதை. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் சின்னப் படம், சின்ன பட்ஜெட். நான் இதுவரை நான்கு முறை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆட்களோடு. ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். ஒருவருக்குப் பிடித்த அதே இடம் இன்னொருவருக்குக் கோபம் மூட்டியது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

படம் ஒரு பையன் தன் அறையைச் சுத்தம் செய்வதில் ஆரம்பிக்கிறது. பெயர் ஸியா. படுக்கையைவிட்டு எழுந்து வந்து இசைத்தட்டைப் போடுகிறான், டாம் வெயிட்ஸின் அந்தக் கரகரத்த குரல், வாய் நிறைய சரளைக்கல்லை வைத்துக்கொண்டு பாடுவதுபோல. பாட்டு ஓட ஓட அவன் பாட்டுக்கு அறையை ஒழுங்குபடுத்துகிறான், குப்பையை அள்ளுகிறான், ஒரு இடம் விடாமல் துடைக்கிறான். யாரோ முக்கியமான விருந்தாளி வரப்போகிறார் என்றுதான் பார்க்கிற நமக்குத் தோன்றும். எல்லாம் முடிந்தபிறகு குளியலறைக்குள் போகிறான். நினைவு மங்குகிற கடைசி நொடியில் அவன் கண்ணுக்கு மூலையில் ஒரு தூசி உருண்டை தெரிகிறது. அத்தனை துடைத்தும் விட்டுப்போன ஒரே ஒரு தூசி.

என்னைப் பொறுத்தவரை மொத்தப் படமும் அந்தத் தூசியில் இருக்கிறது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டுக் கிளம்புகிறேன் என்று ஒருவன் முடிவெடுக்கிறான், கடைசி நொடியிலும் அவன் மனசு ‘இது பாக்கி’ என்கிறது. முடிந்தது என்று நினைத்த எதுவும் முடியவில்லை. அடுத்த ஒன்றரை மணி நேரமும் படம் இதைத்தான் விதவிதமாகச் சொல்கிறது, அதுவும் பிரசங்கம் செய்யாமல், முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு ஜோக் அடிப்பதுபோல.

நமக்கு மேலுலகம் என்றால் ஒரு படம் மனசில் ஊறிப்போயிருக்கிறது. எமன் எருமையில் வருவான், பாசக்கயிறு வீசுவான், சித்திரகுப்தன் பெரிய பேரேட்டைப் புரட்டிக் கணக்குச் சொல்வான், எண்ணெய்க் கொப்பரை கொதித்துக்கொண்டிருக்கும். யாராவது ஒருவர் தவறுதலாக மேலே போய்விட்டால் அங்கே ஒரு கலாட்டா, பிறகு திருப்பி அனுப்புவார்கள். நம் சினிமாவிலும் நாடகத்திலும் பார்த்துப் பழகிய விஷயம் இது. அங்கே எப்போதும் ஒரு கணக்கு உண்டு, கணக்குக் கேட்க ஒரு ஆள் உண்டு.

இந்தப் படத்தில் கேட்க ஆளே இல்லை. ஸியா கண்ணைத் திறந்தால் சொர்க்கமும் கிடையாது, நரகமும் கிடையாது. ஒரு பீட்சா கடையில் வேலை. கடையின் பெயர் காமிகாஸி, இரண்டாம் உலகப் போரின் கடைசியில் எதிரிக் கப்பல்கள்மேல் விமானத்தோடு போய் மோதிச் செத்த ஜப்பானிய விமானிகளுக்கு இருந்த பெயர். அறையைப் பங்குபோட்டுக்கொள்ள ஒரு ஆள், அவனோடு தினமும் சில்லறைச் சண்டை. வேலைக்குப் போக வேண்டும், சாப்பாட்டுக்கு வழி பார்க்க வேண்டும், சாயங்காலம் போக ஒரு பாடாவதி மதுக்கடை. எல்லாம் முன்பு இருந்ததுபோலவே, ஆனால் எல்லாவற்றிலும் ஒரு சுற்று மட்டம். நிறங்கள் வெளுத்துப்போய்ச் சாம்பலும் பழுப்புமாக இருக்கின்றன. ராத்திரி வானத்தில் ஒரு நட்சத்திரம் கிடையாது. முக்கியமான விதி இன்னொன்று: அங்கே யாராலும் புன்னகைக்க முடியாது. சிரிக்கக்கூடாது என்று தடை போட்டிருப்பதாக நினைத்துவிடாதீர்கள், வாய் ஒத்துழைக்காது, அவ்வளவுதான்.

இங்கே கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். நகைச்சுவைப் படம் எடுக்கிறவர் தன் நடிகர்கள் யாரும் சிரிக்கக்கூடாது என்று முதல் பத்து நிமிடத்திலேயே தன் கையைத் தானே கட்டிக்கொள்கிறார். காதல் படமும்கூட, அதிலும் சிரிப்புக்கு வழியில்லை. ஒருத்தியைப் பார்த்து மனசு மலர்ந்தால் அதைக் காட்ட முகத்தில் இருப்பதிலேயே எளிய வழி புன்னகைதான், அதை எடுத்துவிட்டால் நடிகருக்கு மிச்சம் என்ன? கண், குரல், ஒரு நொடி தாமதமாகத் திரும்பும் தலை. ஸியாவாக வரும் பேட்ரிக் ஃபியூஜிட் படம் முழுக்க இதை வைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறார். ‘ஹீரோ முகத்தில் ஒரு உணர்ச்சியும் இல்லை’ என்று சொல்பவர்கள் நிறையப் பேர். என் தங்கையும் முதல் அரைமணி நேரத்தில் அதையேதான் சொன்னாள். அந்த விதியை நினைவுபடுத்தினேன், “அட, ஆமால்ல” என்றாள், அதற்கப்புறம் போனை எடுக்கவே இல்லை. அடுத்த ஒரு மணி நேரம் அவள் பார்த்தது வேறு படம். யாருடைய உதடாவது ஓரத்தில் கொஞ்சம் அசைகிறதா என்று தேடிக்கொண்டே பார்த்தாள்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸியா உயிரை விட்டது டெசிரே என்கிற காதலி பிரிந்துபோன துக்கத்தில். அங்கே போயும் அவள் நினைப்பு விடவில்லை. ஒருநாள் பழைய நண்பன் ஒருவனைப் பார்க்கும்போது, இவன் போன கொஞ்ச நாளிலேயே அவளும் அதே மாதிரி உயிரை விட்டுவிட்டாள் என்று தெரியவருகிறது. அப்படியென்றால் அவளும் இதே உலகத்தில் எங்கேயோதான் இருக்க வேண்டும். ஒரு துக்கச் செய்தி ஒருவனுக்கு நம்பிக்கையாக மாறுகிற கோரத்தை அந்த ஒரு காட்சியில் பார்க்கலாம். உடனே கிளம்புகிறான். கூட வருவது யூஜீன், மதுக்கடையில் பழக்கமான ரஷ்யப் பாட்டுக்காரன். வழியில் மிக்கல் என்று ஒரு பெண் லிஃப்ட் கேட்டு ஏறிக்கொள்கிறாள். தான் தற்கொலை செய்துகொள்ளவே இல்லை, ஏதோ தவறு நடந்து இங்கே வந்துவிட்டேன், பொறுப்பில் இருக்கிற ஆளைப் பார்த்துப் பேசித் திரும்பிப் போகப் போகிறேன் என்கிறாள். அவள் கேட்பது நியாயம். ஆனால் அந்த ஊரில் ‘மேலதிகாரி’ யார், எங்கே இருக்கிறார் என்று யாருக்குமே தெரியாது. முன்பு சொன்னேனே, கணக்குக் கேட்க ஆளில்லாத ஊர் என்று. இவள் ஒருத்திதான் அப்படி ஒருவர் கட்டாயம் இருந்தாக வேண்டும் என்று பிடிவாதமாக நம்புகிறவள்.

மூவரும் போவது யூஜீனின் ஓட்டைக் காரில். இந்தக் காரைப் பற்றித் தனியாக எழுதலாம், அந்த அளவுக்கு அது ஒரு பாத்திரம். முன்விளக்கு எரியாது. அதனால் இருட்டியதும் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பக்கத்து இருக்கைக்கு அடியில் ஒரு கருந்துளை. ஆமாம், கருந்துளையேதான். கையிலிருந்து நழுவி அங்கே விழுந்த பொருள் போனது போனதுதான். இதை யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை, கார் கதவு சரியாகச் சாத்தவில்லை என்பதுபோல அதையும் ஒரு ரிப்பேராக எடுத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்தது இந்தக் குணம்தான். அதிசயத்தை வெளிச்சம் போட்டுக் காட்டாமல் வீட்டுச் சாமான்களுக்கு நடுவில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஏதாவது காணாமல் போனால் எரிச்சல்படுகிறார்கள், அப்புறம் மறந்துவிடுகிறார்கள். மனசில் துளை விழுந்தவர்கள் அன்றாடம் நடமாடுவதும் இப்படித்தான் இருக்கும் என்று மூன்றாவது முறை பார்க்கும்போது எனக்குத் தோன்றியது. காலடியிலேயே ஒரு பள்ளம், அதைச் சுற்றிக் காலை மடக்கி உட்கார்ந்து பழகிக்கொள்கிறோம்.

காரில் ஓயாமல் ஓடுவது யூஜீனின் பழைய இசைக்குழுவின் கேசட். நிஜத்தில் அது கோகோல் பார்டெல்லோ குழுவின் பாட்டு. யூஜீன் பாத்திரமே அந்தக் குழுவின் பாடகர் யூஜீன் ஹட்ஸை மனசில் வைத்து எழுதியதுதான். சாம்பல் நிற நெடுஞ்சாலை, உயிர் இல்லாத மூன்று முகம், ஸ்பீக்கரில் ஃபிடிலும் அக்கார்டியனும் துள்ளுகிற கூத்துப் பாட்டு. இந்த மூன்றும் சேரும்போது வருகிற உணர்ச்சிக்கு எனக்குச் சரியான சொல் கிடைக்கவில்லை. சாவு வீட்டுக்கு வெளியே பறை அதிரும்போது துக்கத்தில் இருக்கிறவனுக்கும் கால் தானாகத் தாளம் போடுமே, அதற்குக் கிட்டத்தில் வருகிறது.

யூஜீனாக வரும் ஷே விகம் அருமை. ரஷ்ய உச்சரிப்பு, மீசை, எதைப் பார்த்தாலும் ஒரு புகார். அவன் வீட்டுக் காட்சிதான் இந்தப் படத்தைப் பற்றி வருகிற சண்டைகளுக்கெல்லாம் மையம். அவன் தனியாக இல்லை. அப்பா, அம்மா, தம்பி எல்லோரும் அங்கே ஒரே வீட்டில் ஒரே மேஜையில் சாப்பிடுகிறார்கள், அத்தனை பேரும் வெவ்வேறு காலத்தில் தாங்களாக உயிரை விட்டவர்கள். அம்மா பரிமாறுகிறாள், அப்பா ஏதோ சொல்கிறார், தம்பி எதிர்த்துப் பேசுகிறான். எந்த வீட்டிலும் நடக்கிற ராத்திரிச் சாப்பாடு. இயக்குநர் இதை முழுக்க முழுக்கச் சாதாரணமாகவே படமாக்கியிருக்கிறார், அதனால் சிரிப்பும் வருகிறது, சிரித்த அடுத்த நொடி வயிற்றைப் பிசைகிறது.

கூட வேலை பார்க்கும் நண்பர் ஒருவரோடு இந்தப் படத்தைப் பார்த்தேன். அவருடைய அண்ணன் பல வருஷத்துக்கு முன்பு இப்படிப் போனவர். எனக்கு அது தெரியும். அவரே விரும்பிக் கேட்டதால்தான் போட்டேன், இருந்தாலும் பாதிப் படம் வரை எனக்குப் படபடப்பாகவே இருந்தது. அந்தச் சாப்பாட்டு மேஜைக் காட்சியில் அவர் நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “எல்லாம் சரிங்க, இங்க மிச்சம் இருக்கிறவங்க எங்கே? எங்க அம்மா இன்னிக்கும் ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் துணி எடுக்கிறாங்க. அது இந்தப் படத்துல எங்கே இருக்கு?” என்றார்.

என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. இந்தப் படத்தின் மீது வைக்கப்படும் விமர்சனங்களில் நான் முழுசாக ஒத்துக்கொள்வது இது ஒன்றைத்தான். போனவர்களோடு போய்விடுகிற கேமரா, இருப்பவர்கள் பக்கம் கிட்டத்தட்ட திரும்புவதே இல்லை. ஸியாவுக்கு ஒரு குடும்பம் இருந்திருக்கும், அந்தச் சுத்தமான அறையைத் திறந்து பார்த்த யாரோ ஒருவர் இருந்திருப்பார், அவர் அந்தத் தூசி உருண்டையைப் பார்த்தாரா என்று படம் கேட்பதில்லை. கதையே அந்தப் பக்கத்தில் நடப்பதால் இது இயக்குநர் தெரிந்தே எடுத்த முடிவாக இருக்கலாம். ஆனால் மேஜையைச் சுற்றி நான்கு பேரையும் கூட்டிவைத்த பிறகு வெளியே நிற்கும் ஐந்தாவது ஆளைப் பற்றி ஒரு சின்ன நினைப்பாவது வந்திருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. முதல் பத்தியில் எச்சரித்ததற்குக் காரணம் அந்த ராத்திரிதான். நண்பர் அன்று மீதிப் படத்தைப் பார்க்கவில்லை.

‘தற்கொலையை அழகாகக் காட்டுகிறது’ என்பது அடுத்த குற்றச்சாட்டு. இது படம் வெளியானபோதே கிளம்பியது. 2007இல் அமெரிக்காவில் வைத்த விளம்பரங்கள் இறக்கும் வழிகளைச் சாலைக் குறியீடுகள் மாதிரி வரைந்து காட்டின. தற்கொலைத் தடுப்புக்காக வேலை செய்யும் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. அந்த விஷயத்தில் எதிர்த்தவர்கள் பக்கம்தான் நான். தெருவில் போகிற ஒருவர் எந்த மனநிலையில் போகிறார் என்று யாருக்குத் தெரியும், அவர் கண்ணில் போய் அதை ஒட்டுவது தப்பு. படத்தின் பெயர்கூட எனக்கு உறுத்தல்தான். யாரிடமும் வாய்விட்டுச் சொல்லச் சங்கடமான பெயர்.

ஆனால் படத்துக்குள் அந்தக் கவர்ச்சி துளியும் இல்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம். அழகாக்குவது என்றால் என்ன? செத்தால் நிம்மதி என்பது, செத்தால் பிரிந்தவள் வருந்துவாள் என்பது, செத்தபிறகு ஒரு மகத்தான அமைதி காத்திருக்கிறது என்பது. இந்தப் படம் மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்து உடைத்துப் போடுகிறது. பீட்சா அடுப்பும், அறைச் சண்டையும், ஓடாத காரும்தான் காத்திருக்கின்றன. ஸியாவே ஒரு இடத்தில் சொல்கிறான், இங்கே வந்தபிறகும் மறுபடி அந்த நினைப்பு வந்தது, ஆனால் என் ராசிக்கு இதைவிட மோசமான இடத்தில் போய் விழுவேனோ என்று விட்டுவிட்டேன் என்கிற மாதிரி. அந்த வசனத்துக்குச் சிரித்துவிட்டு, எதற்குச் சிரித்தோம் என்று யோசித்துப் பாருங்கள். தப்பித்துப் போக வேறு ஒரு இடம் இருக்கிறது என்ற எண்ணத்தைத்தான் அது மூடுகிறது. எந்த அறிவுரையைவிடவும் எனக்கு அது பலமாகக் கேட்டது.

டெசிரே கிடைக்கிறாளா இல்லையா என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லாமல் இந்தப் படத்தின் காதலைப் பற்றிப் பேச முடியாது. பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டு படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வழியில் ஒரு கிழவர் நடுரோட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறார். பெயர் க்னெல்லர். நடித்திருப்பது முதல் காட்சியில் குரலாக வந்த அதே டாம் வெயிட்ஸ். ஒரு காட்டுப்பக்கம் அவருடைய முகாம், கேரெட்டின் மூலக்கதைக்குப் பெயரே அந்த முகாமை வைத்துத்தான். முகாமில் சின்னச் சின்ன அற்புதங்கள் நடக்கின்றன. யாராவது ஏதோ ஒரு வேலையில் இருக்கும்போது பக்கத்தில் இயற்கைக்கு மாறாக ஏதாவது நடந்துவிடும், யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஸியா தானும் செய்துபார்க்கலாம் என்று முக்கி முக்கிப் பார்க்கிறான். ஒன்றும் நடப்பதில்லை. நடக்க வேண்டும் என்று ஏங்காதபோதுதான் நடக்கும் என்பதுதான் அங்கே விதி. சிரிக்க முடியாது என்ற விதிக்கு அடுத்தபடியாகப் படத்தின் இரண்டாவது தூண் இது. காதலும் அதே விதிப்படிதான் நடக்கிறது. ஸியா மைல் கணக்கில் தேடிப் போவது டெசிரேயை. காதல் வருவதோ பின்சீட்டில் உட்கார்ந்து எரிச்சலோடு பேசிக்கொண்டு வரும் மிக்கலோடு, அவன் கவனிக்காத நேரமெல்லாம் பார்த்து.

அந்தக் கடற்கரைக் காட்சி. இருட்டு, அலைச் சத்தம், இருவரும் முதன்முறையாக நெருங்குகிறார்கள். வேறு எந்தப் படமாக இருந்தாலும் நிலாவைக் காட்டி முடித்திருப்பார்கள். இங்கே விடிகிறது. வெளிச்சத்தில் பார்த்தால் இவர்கள் படுத்திருந்த மணல் முழுக்கக் குப்பை, அருவருப்பான குப்பை. எழுந்து பார்க்கிறார்கள், அவ்வளவுதான், அதற்காக ராத்திரி நடந்தது கெட்டுப்போய்விடவில்லை. என் தங்கை, “ச்சீ, இந்த இடத்துலயா அக்கா!” என்று முகத்தைச் சுளித்தாள். எனக்கோ படத்திலேயே மிகக் காதலான இடம் இதுதான். குப்பை நடுவில் படுத்திருந்தோம் என்று தெரிந்த பிறகும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்களே, சிரிக்க முடியாத அந்த வாயோடு.

மிக்கலாக நடித்த ஷானின் சாஸமன் பற்றி ஒரு வார்த்தை. ‘ஹீரோவைக் காப்பாற்ற வரும் விசித்திரமான பெண்’ என்கிற தேய்ந்த பாத்திரம் என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனென்றால் அவளுக்கு அவனைக் காப்பாற்றுகிற எண்ணமே கிடையாது. அவளுக்கென்று ஒரு வழக்கு இருக்கிறது, மனுவை யாரிடம் கொடுப்பது என்று தேடி அலைகிறாள். ஸியா வழித்துணை, அவ்வளவுதான். தன்னை அந்த ஊர்க்காரியாக நினைக்காத ஒரே ஆள் என்பதால் அவள் கோபத்தில் மட்டும்தான் உயிர் இருக்கிறது. மற்றவர்கள் சலித்துக்கொள்கிறார்கள், இவள் கோபப்படுகிறாள். சாஸமன் அந்த வித்தியாசத்தைக் கடைசிவரை விடாமல் பிடித்திருக்கிறார்.

படம் தள்ளாடுவது கடைசி அரைமணி நேரத்தில். மெசையா, அதாவது உலகத்தை மீட்க வந்தவர், என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஒரு சாமியார் வருகிறார், வில் ஆர்னெட். கூட்டம், மேடை, பெரிய அற்புதம் ஒன்றைச் செய்துகாட்டப் போவதாக அறிவிப்பு. டெசிரே அங்கேதான் இருக்கிறாள், அவருடைய பக்தையாக. அவள் உயிரை விட்டதற்கும் ஸியாவுக்கும் சம்பந்தமே இல்லை, எல்லாம் இந்த மனிதருக்காக. ஸியாவுக்கு இந்த அடி விழுகிற இடம் நியாயமானது. தனக்காக அவள் செத்தாள் என்ற எண்ணத்தைத்தான் அவன் பெட்ரோலாக ஊற்றி வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தான். ஆனால் அதை நின்று பார்க்கப் படத்துக்குப் பொறுமை இல்லை. சாமியார் கூத்து இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஆர்னெட் வேறு படத்திலிருந்து இறங்கி வந்தவர் மாதிரி சத்தமாக நடிக்கிறார், அதுவரை தணிந்த குரலில் வந்த நகைச்சுவை அந்தச் சத்தத்தில் காணாமல் போகிறது. டெசிரேயாக வரும் லெஸ்லி பிப்புக்கும் சரியான காட்சி ஒன்றுகூட இல்லை. ஒருவன் அவளுக்காக இரண்டு உலகம் தாண்டி வந்திருக்கிறான், அவர்கள் இருவரும் பேசுவது சில நிமிடம். எனக்கு இது பெரிய வருத்தம். பத்து நிமிடம் அந்தக் கூட்டத்திலிருந்து வெட்டி, அந்த இரண்டு பேருக்கும் கொடுத்திருந்தால் படம் எங்கேயோ போயிருக்கும்.

‘ஒன்றுமே நடக்கவில்லை, போரடிக்கிறது’ என்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் அதிகமில்லை. மெதுவான படம்தான். பயணம் செய்யும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து ஒன்றுமில்லாத நிலத்தைப் பார்த்துக்கொண்டே போகப் பிடிக்குமென்றால் இதுவும் பிடிக்கும்.

முடிவுக்கு வருகிறேன். மிக்கல் தேடிய பொறுப்பாளர்கள் கடைசியில் வருகிறார்கள், அவள் சொன்னது உண்மைதான், அவள் வந்தது தவறுதலாக. திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஸியா தனியாக நிற்கிறான். யூஜீனுக்கு முகாமிலேயே நானுக் என்கிற பேசாத பாட்டுக்காரியோடு ஒரு வாழ்க்கை அமைந்துவிட்டது. ஸியா என்ன செய்கிறான் தெரியுமா, அந்தக் காரில் ஏறி, இருக்கைக்கு அடியில் இருக்கும் அந்தக் கருந்துளைக்குள் இறங்குகிறான். முதல் அரைமணி நேரத்திலிருந்து காலடியிலேயே கிடந்த துளை. க்னெல்லர் வெறும் கிழவர் இல்லை, அவரும் அந்தப் பொறுப்பாளர்களில் ஒருவர். ஸியாவின் ஃபைலை அவர்தான் உருவி எடுக்கிறார். சித்திரகுப்தன் பேரேடு கடைசியில் வந்தேவிட்டது பாருங்கள், அதுவும் நம் பக்கம்! ஸியா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழிக்கிறான். பக்கத்துக் கட்டிலில் மிக்கல்.

கேரெட்டின் கதை இப்படி முடியாது. அங்கே அவன் காத்திருப்பதோடு நின்றுவிடுகிறது. கேரெட்டும் ஓவியர் அசஃப் ஹனுகாவும் சேர்ந்து இதே கதையை ‘பீட்சேரியா காமிகாஸி’ என்று சித்திரக் கதையாகவும் கொண்டுவந்தார்கள். மூலக்கதையை முதலில் படித்தவர்கள் படத்தின் முடிவை ஏமாற்று வேலை என்கிறார்கள். கசப்பாக முடிந்திருக்க வேண்டியதைச் சர்க்கரை போட்டு விட்டார்கள் என்று கோபம். நான் கதையைப் பின்னால்தான் படித்தேன், அந்த முடிவு உயர்ந்த இலக்கியம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் படத்துக்கு இந்த முடிவுதான் வேண்டும் என்று நினைக்கிறேன். தற்கொலையைப் பற்றி ஒரு படம் எடுத்து, பார்க்கிறவரை அந்தப் பக்கத்திலேயே உட்காரவைத்துவிட்டுக் கதவைச் சாத்த எனக்கு மனசு வராது, டுகிச்சுக்கும் வரவில்லை போல.

மூன்று வாரம் கழித்து அந்த நண்பரே கேட்டார், “மீதியைப் போடுங்க, எப்படி முடியுதுன்னு பார்ப்போம்” என்று. விட்ட இடத்திலிருந்து போட்டேன். சாமியார் பகுதியில் அவருக்கும் பொறுமை போனது, கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் ஆஸ்பத்திரி அறை வந்தது. வெளுத்த நிறமெல்லாம் போய்ச் சுவரும் போர்வையும் முகமும் சாதாரண நிறத்தில் இருந்தன. ஸியா தலையைத் திருப்புகிறான், மிக்கல் திரும்புகிறாள், எண்பது நிமிடமாக ஒருவருக்கும் வராத சிரிப்பு முதலில் ஒரு உதட்டோரத்தில், அப்புறம் இன்னொன்றில். படம் அங்கேயே முடிகிறது. நண்பர் எழுந்திருக்கவில்லை. பெயர்கள் எல்லாம் ஓடி முடியும்வரை உட்கார்ந்திருந்தார், அப்புறம் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய் அம்மாவுக்குப் பேசினார்.